ஏ, பி, சி, டி: இவை மதிப்பெண்கள் அல்ல

மின்னணுவியல் வகுப்பில் ‘ஏ கிளாஸ் ஆம்ப்ளிஃபயர்’ என்றதும், அதுவே உயர்ந்தது, மற்றவை படிப்படியாகத் தாழ்ந்தவை என்று முடிவுகட்டும் நண்பர்கள் பலர். என் தந்தை பத்தாம் வகுப்பில் மூன்றாம் வகுப்பில் தேறியவர். மைக் செட் வைத்து என்னைப் படிக்க வைப்பவர். ஆகவே எழுத்தைக் கண்டு தரம் பிரிக்கும் பழக்கம் எனக்குச் சற்றே உறுத்துகிறது.

உண்மையில் ஏ, பி, சி ஆகிய எழுத்துகள் சொல்வது ஒன்றுதான்: உள்ளே வரும் அலையின் ஒரு சுற்றில் டிரான்சிஸ்டர் எவ்வளவு நேரம் மின்னோட்டத்தைக் கடத்துகிறது?

ஏ வகை முழுச் சுற்றும், அதாவது 360 பாகையும், கடத்தும். ஒலி தூய்மையானது. ஆனால் பாடகர் மூச்சு வாங்கும்போதும் மின்சாரம் செலவாகும். டிரான்ஸ்ஃபார்மர் வழியே இணைத்தாலும் அதன் திறன் 50 விழுக்காட்டைத் தாண்டாது, மீதி வெப்பமே.

பி வகையில் இரு டிரான்சிஸ்டர்கள், ஓர் உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவதுபோல, ஆளுக்கு அரைச் சுற்று உழைக்கும். திறன் 78.5 விழுக்காடு வரை உயரும். ஆனால் சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழிக்கச் சுமார் 0.7 வோல்ட் வேண்டும். அதனால் கைமாறும் இடத்தில் அலை முறியும்; மெல்லிய ஒலிதான் அதிகம் கெடும். இரண்டையும் சிறு மின்னோட்டத்தால் அரைத் தூக்கத்தில் வைத்திருந்தால் அதுவே ஏபி வகை. எங்கள் வீட்டுப் பழைய பெட்டி அவ்வினமே.

சி வகை அரைச் சுற்றுக்கும் குறைவாகவே கடத்தும். பேச்சை அதனிடம் கொடுத்தால் சிதைத்துவிடும். ஆனால் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட ஒத்ததிர்வுச் சுற்றோடு சேர்த்தால், ஊஞ்சலைச் சுற்றுக்கொரு முறை உந்துவதுபோல, வானொலி அலையை அது சிக்கனமாக வளர்க்கும்.

டி வகையில் டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்சே: முழுதும் திறக்கும் அல்லது முழுதும் மூடும். ஒலியின் ஏற்ற இறக்கம் துடிப்புகளின் அகலமாக மாறும். இறுதியில் ஒரு வடிப்பான் அதை மீண்டும் ஒலியலையாக்கும். திறன் 90 விழுக்காட்டையும் தாண்டுவதால் பெரிய வெப்பத்தகடு தேவையில்லை. இன்றைய கைப்பேசி ஒலிபெருக்கிகளில் இவ்வகையே மிகுதி. பழைய பெட்டியைத் தூக்கித் தூக்கி முதுகு தேய்ந்த என் தந்தை, இவ்வாண்டு ஒரு டி வகைப் பெட்டிக்காகக் கடன் கேட்டிருக்கிறார்.

நண்பர்களே, எழுத்து தரத்தைக் குறிப்பதன்று. வேலை செய்யும் முறையைக் குறிப்பது. எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று கேட்பதே அறிவு. கருவிகளிடம் இக்கேள்வியைக் கேட்கப் பழகினால், மனிதரிடமும் கேட்கத் தோன்றும்.