முதல் சொட்டு ஏன் தயங்குகிறது?

திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு மேல்நிலைப்பள்ளி. பதினொன்றாம் வகுப்பில் முதல் பாடவேளை இயற்பியல். நான் கடைசி பெஞ்சில் இடம் பிடித்தபோது கரும்பலகையில் மூன்றே வரிகள் இருந்தன. ஒன்று, இரண்டும் சமமாகும். இரண்டு, சின்னது இன்னும் சின்னதாகும். மூன்று, ஒன்றும் நடக்காது.

மேசையில் இரண்டு பலூன்கள். ஒன்று முக்கால்வாசி ஊதியது, மற்றது கொஞ்சமாக ஊதியது. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனைகளிலும் பலூன்களின் வாயை ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தார் ஆசிரியை. குழாயை நடுவில் மடித்துத் துணி காயப்போடும் கிளிப் ஒன்று.

"கிளிப்பை எடுத்தா என்ன ஆகும்? நோட்டுல நம்பர் எழுதுங்க. பேனாவால எழுதணும், அடிச்சுத் திருத்தக் கூடாது."

கை தூக்கச் சொன்னார். வகுப்பில் பெரும்பாலோர் ஒன்றாம் எண். இரண்டுக்குத் தூக்கியவர்கள் அங்கங்கே சிலர்; தூக்கிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டவர்களும் உண்டு. கிளிப்பை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "பக்கத்துல வேற நம்பர் எழுதினவங்க யாருன்னு பாருங்க. அவங்கள உங்க பக்கம் இழுங்க. ரெண்டு நிமிஷம்."

சந்தைக் கூச்சல். எனக்கு முன் பெஞ்சில் ஒருவன், "தண்ணி மாதிரிதான்டா. ரெண்டு டேங்க்கைக் குழாயால சேர்த்தா ரெண்டுலயும் ஒரே மட்டத்துக்குத்தான நிக்கும்?" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவன் மசியவில்லை. "பலூன் ஊதியிருக்கியா இல்லியா? மொத ஊதுதான கஷ்டம்? கன்னம் வலிக்கும். கொஞ்சம் பெருசாயிட்டா அதுபாட்டுக்குப் போவுது. அப்ப எதுல காத்து முட்டிக்கினு இருக்கு? சின்னதுலதான?" தண்ணீர்க்காரனிடம் இதற்குப் பதில் இல்லை. பேனாவால் எழுதியாயிற்றே, வேறு வழியில்லாமல் நோட்டை மூடிவைத்தான்.

மறுபடி கை தூக்கியபோது இரண்டாம் எண்ணுக்கு ஏறக்குறைய பாதி வகுப்பு. அதன் பிறகுதான் கிளிப் வந்தது. சின்ன பலூன் இன்னும் சுருங்க, பெரியது உப்பியது. எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கு இது பழக்கமாகியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எந்த ஆசிரியருக்கும் விளக்கம் சொல்ல நாக்கு துடிக்கும். இவர் தோற்ற பக்கம் திரும்பினார். "ஒன்னு போட்டவங்க சொல்லுங்க. எது சமமாகும்னு நினைச்சீங்க?" சைஸ் என்றார்கள். "சைஸ் சமமாகணும்னு யாரு சொன்னா? தண்ணித் தொட்டியில சமமாகுறது என்ன?" கொஞ்ச நேரம் கழித்து ஒரு மாணவி, "அழுத்தம், மிஸ்" என்றாள். அதுதான் அன்றைய பாடம். அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் காற்று போகிறது. அந்த அழுத்தம் சின்ன பலூனில்தான் அதிகம்.

பிறகுதான் சூத்திரம் பலகைக்கு வந்தது. சோப்புக் குமிழிக்குள் இருக்கும் மிகையழுத்தம் 4T/R. ஆரம் கீழே இருக்கிறது. குமிழி சிறுத்தால் அழுத்தம் கூடும். சோப்புக் கரைசலின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், 1 செ.மீ. ஆரமுள்ள குமிழிக்குள் வெளியைவிட 12 பாஸ்கல் கூடுதல், 2 செ.மீ. ஆரத்துக்கு 6 பாஸ்கல். வளிமண்டலம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும்போது இந்த ஆறும் பன்னிரண்டும் கொசு. ஆனால் காற்றைத் தள்ள அந்தக் கொசுவே போதும். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். பலூன் சோப்புக் குமிழி இல்லை, ரப்பரின் இழுவிசை நீள நீள மாறும், வெடிக்கும் அளவுக்கு ஊதிவிட்டால் கதை தலைகீழாகும். மாதிரியைக் காட்டிவிட்டு அதன் குறையையும் அதே மூச்சில் சொல்லும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நுரையீரலுக்குப் போனபோது நீட் எழுதப்போகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காற்று நுண்ணறைகள் சிறிதும் பெரிதுமாக இருக்கின்றன. இந்தக் கணக்குப்படி சின்ன அறைகளின் காற்றெல்லாம் பெரிய அறைகளுக்குப் போய், சின்னவை சுருங்கிவிட வேண்டும். ஏன் சுருங்குவதில்லை? உள்சுவரில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒரு பொருளை உடம்பே பூசிவைத்திருக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு அது போதிய அளவு சுரந்திருக்காது, மூச்சுத் திணறும். அதே பொருளை மருந்தாக நுரையீரலுக்குள் செலுத்திக் காப்பாற்றுகிறார்கள். மணி அடித்துவிட்டது. யாரும் பையைத் தூக்கவில்லை என்று எழுத ஆசைதான்; பாதிப் பேர் தூக்கிவிட்டார்கள்.

இடைவேளையில் ஆசிரியர் அறையில் டீ. கிளிப்பை எடுப்பதற்கு முன் இத்தனை நேரம் எதற்கு என்று கேட்டேன். "நேரா எடுத்துக் காட்டினா வேடிக்கை பார்ப்பாங்க சார். சாயங்காலம் கேட்டா, சமமாச்சுன்னே சொல்லுவான். பார்த்தது ஞாபகம் இருக்காது, நினைச்சதுதான் ஞாபகம் இருக்கும்."

இது அவருடைய அனுபவம் மட்டுமல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூரும் அவருடைய குழுவினரும் இதையே சோதித்து 2004-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் தெளிவாக முன்னே நின்றார்கள். பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடும் முறையையும் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து தம் வகுப்பில் நடத்திவருகிறார். அங்கே மின்னணு வாக்குப் பொத்தான், இங்கே கை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் நேரம் என்னும் கஷ்டம் இருக்கிறது. ஒரு பலூனுக்கு முக்கால் பாடவேளை போய்விட்டது. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. போர்ஷன் முடிக்கவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் பாடத்துக்கு ஓர் இடம் மட்டும் தேர்ந்துகொள்கிறார், மாணவர்கள் நிச்சயம் தப்பாக நினைக்கக்கூடிய இடம். மற்றதை வேகமாக நடத்திவிடுகிறார். இது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. எல்லாவற்றையும் சுவையாக்கப் புறப்பட்ட வகுப்புகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன்; பொங்கலில் முந்திரி மட்டும் போட்டதுபோல் திகட்டும்.

ஒன்பதாம் வகுப்பில் பத்து நிமிடம்தான் நின்றேன். தட்டில் மஞ்சள் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்று நாம் எல்லோரும் படித்ததுதான். இங்கே ஆசிரியர் இன்னும் இரண்டு மெழுகுவத்திகளைப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, "இப்ப எவ்வளவு ஏறும்?" என்றார். அதே டம்ளர், அதே காற்று, அதே ஆக்சிஜன். அதே அளவுதான் என்று எழுதினார்கள். மூன்று சுடரும் அணைந்தபோது தண்ணீர் முன்னைவிட நன்றாகவே மேலே போய் நின்றது. சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறியிருந்தது. அணைந்த பின் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்கியது. தண்ணீர் ஏறியதற்குப் பெரும்பங்கு காரணம் அந்தச் சுருக்கம்தான். சுடர்கள் கூடினால் சூடும் கூடும், அதனால் ஏற்றமும் கூடியது. ஆக்சிஜன் முழுதாகத் தீர்வதற்கு முன்பே மெழுகுவத்தி அணைந்துவிடுகிறது என்பது வேறு.

காற்றில் ஆக்சிஜனின் உண்மையான ஐந்தில் ஒரு பங்கைப் பார்க்கவும் ஜன்னலோரத்தில் ஏற்பாடு இருந்தது. உள்ளே ஈரமாக்கி இரும்புத் தூள் ஒட்டவைத்த சோதனைக்குழாய், தண்ணீரில் தலைகீழாக. துரு பிடிக்கப் பிடிக்க ஆக்சிஜன் போய், ஐந்தில் ஒரு பங்கு உயரத்தில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. இதில் சூடு இல்லை, சத்தமில்லை, கைதட்டலும் இல்லை. எனக்கு மூன்று மெழுகுவத்தியைவிட இதுதான் பிடித்தது.

மதியம் வேதியியல் ஆய்வகம். கேஸ் குழாய்கள் எப்போதோ பணி ஓய்வு பெற்றுவிட்டன. மின் அடுப்பு ஒன்று, ஸ்பிரிட் விளக்குகள் சில. பன்னிரண்டாம் வகுப்புக்கு டைட்ரேஷன். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட், கூம்புக் குடுவையில் ஆக்சாலிக் அமிலமும் நீர்த்த கந்தக அமிலமும், 60 முதல் 70 டிகிரி சூட்டில்.

டைட்ரேஷன் என்றால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் போடுவது பல ஊர்களில் தொன்றுதொட்ட வழக்கம். இங்கே வேதியியல் ஆசிரியர் ஒவ்வொரு மேசைக்கும் வேறு வேறு செறிவில் கரைசல் கலந்துவைக்கிறார். அடுத்த மேசையைப் பார்த்து எழுதிப் பயனில்லை.

"மொத சொட்டு விடும்மா. நிறம் போறவரைக்கும் எண்ணு."

அந்த மாணவி குடுவையைச் சுழற்றியபடியே எண்ணினாள். பன்னிரண்டு வரை இளஞ்சிவப்பு நின்றது, பிறகு மறைந்தது.

"நிறுத்து. அடுத்த சொட்டு இதைவிட லேட்டாகுமா, சீக்கிரமா? எல்லாரும் எழுதுங்க."

லேட்டாகும் என்றுதான் எழுதினார்கள். காரணம் அசட்டுத்தனமானதல்ல. வினைவேகப் பாடம் முடித்திருந்தார்கள். வினைபடுபொருள் குறையக் குறைய வேகம் குறையும், போதாக்குறைக்குக் குடுவையும் ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சொட்டு விழுந்தது. நான்கு எண்ணுவதற்குள் நிறம் போய்விட்டது. மூன்றாவது, விழுந்த வேகத்திலேயே மறைந்தது.

"சூடு கூடிடுச்சா சார்?" தொட்டுப் பார் என்றார், ஆறியிருந்தது. "நல்லா கலக்கினதாலயா?" கலக்காமல் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார், அப்போதும் வேகம்தான். கடைசி மேசையில் ஒரு பையன் தனக்குள் பேசிக்கொள்வதுபோல், "மொத சொட்டுல உண்டான ஏதோ ஒன்னுதான் சார் உதவி பண்ணுது" என்றான்.

ஏதோ ஒன்று என்றால் எது? பெர்மாங்கனேட்டில் +7 நிலையில் இருக்கும் மாங்கனீசு +2 ஆகிறது, ஆக்சாலிக் அமிலம் கார்பன் டை ஆக்சைடாகிறது, மற்றது தண்ணீர். சந்தேகத்துக்குரியவர்கள் மூவர். அலமாரியிலிருந்து மாங்கனீசு சல்பேட்டு வந்தது. புதிதாகச் சூடாக்கிய குடுவையில் ஒரு சிட்டிகை போட்டார்கள். முதல் சொட்டே தயங்காமல் மறைந்தது. விளைபொருளே வினைவேக மாற்றியாகிவிடும் இந்தச் சங்கதிக்கு அவர்களுடைய பாடநூலில் பெயரும் உண்டு. ஒரு மதிப்பெண் வினாவாக எல்லோருக்கும் மனப்பாடமும்தான். அது தங்கள் கையில் இருக்கும் குடுவைக்குள் நடப்பது என்று அன்றுவரை யாரும் கோத்துப் பார்க்கவில்லை.

அறிவியல் கண்காட்சிகளில் இவர் முன்பு அமோனியம் டைகுரோமேட்டு எரிமலை காட்டிக்கொண்டிருந்தாராம். ஆரஞ்சுக் குவியலில் தீ வைத்தால் பச்சைச் சாம்பல் பொங்கி வழியும், கூட்டம் அள்ளும். ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் என்பதால் விட்டுவிட்டார். "அது போனதுல நஷ்டமில்ல சார். பசங்க கேட்டதெல்லாம் இன்னொரு வாட்டி காட்டுங்கன்னுதான். ஏன்னு ஒருத்தன் கேட்டதில்ல."

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாவது மேசையில் ஒரு கலவரம். குடுவையில் நிறமற்ற கரைசலுக்குப் பதிலாகப் பழுப்புக் கலங்கல். கந்தக அமிலம் ஊற்ற மறந்திருந்தார்கள். அமிலம் போதாததால் மாங்கனீசு +2 வரை போகாமல் +4-லேயே டை ஆக்சைடாகத் தங்கிவிட்டது. கொட்டிவிட்டு வேறு எடுக்கக் கை நீட்டியவளைத் தடுத்த ஆசிரியர், இதில் இப்போது அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் என்ன ஆகும் என்று எழுதச் சொன்னார். மேசைக்கு இரண்டு கட்சி. விளக்கின் மேல் வைத்துச் சுழற்றியதும் பழுப்பு மெல்லக் கரைந்து தெளிந்தது. ஆய்வக உதவியாளர் அலுத்துக்கொண்டார்: "இதுக்கா இவ்ளோ நேரம்? கறை புடிச்ச பியூரெட்டை வருஷா வருஷம் நான் ஆக்சாலிக் போட்டுத்தான கழுவுறேன்." ஆசிரியர் விடுவாரா? "அண்ணே, ஏன் போவுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று சாக்பீஸை அவர் கையில் கொடுத்துவிட்டார்.