பெஞ்சில் இருந்தவர்கள்

கும்பகோணம். காலை 6.40. சர்க்கரை நோய் மருத்துவமனையின் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. ஆட்கள் குனிந்து உள்ளே போகிறார்கள்.

எதிர்ச்சாரியில் காபிக் கடை. டபராவும் டம்ளரும் மோதும் சத்தம் சாலையைத் தாண்டி வருகிறது. பின்னாலேயே வாசனை. வெறும் வயிற்றோடு நிற்கும் வரிசையில் யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

டோக்கன் 17. மஞ்சள் காகிதத் துண்டு. வாங்கியவருக்கு வயது 63. அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டர். துண்டை நீளவாக்கில் மடிக்கிறார். இடது கையின் விரலிடுக்கில் செருகுகிறார். ரூபாய் நோட்டுகள் இருந்த இடம் அது.

ஸ்டீல் பெஞ்சில் இடம் காலியாக இருக்கிறது. அவர் உட்காரவில்லை. தூணில் தோளைச் சாய்த்து நிற்கிறார்.

மனைவி உட்கார்ந்திருக்கிறார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் எவர்சில்வர் டப்பாவில் நான்கு இட்லி. தண்ணீர் பாட்டில். மாத்திரை அட்டை. ஒரு நாற்பது பக்க நோட்டு.

நோட்டில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். தேதி. வெறும் வயிறு. 118. 124. 112. 121. 116. வாரத்துக்கு இரண்டு வரி. எண்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றன. ஓடும் பஸ்ஸில் டிக்கெட் எண் எழுதிப் பழகிய கை.

கடைசி வரி இன்று விடியற்காலை 5 மணி. 163. பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண். 159. வேறு விரலில் குத்திப் பார்த்தது. ஒரே காலையில் இரண்டு ஸ்ட்ரிப்.

"முந்தாநாள்லேருந்து சோத்தைத் தொடலை" என்கிறார் மனைவி, பக்கத்தில் இருப்பவரிடம். "ராத்திரி ரெண்டு சப்பாத்தி. தூக்கமும் இல்லை. மூணு மணிக்கு எந்திரிச்சு வாசல்ல நடக்குறாரு."

"எங்க வீட்ல பாகற்காய் ஜூஸ்" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். "இங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம். அப்புறம் மிக்ஸியைக் கழுவி வச்சிடுவாரு."

சுவரில் போஸ்டர். இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, 2023. போஸ்டரின் கீழ் ஓரத்தில் எண்ணெய் படிந்திருக்கிறது. தலைகள் சாய்ந்து சாய்ந்து படிந்த எண்ணெய்.

7.05. ரத்தம் எடுக்கும் அறை. முதலில் பிரஷர். கைப்பட்டை இறுகுகிறது, தளர்கிறது. 158-க்கு 92. சிஸ்டர் எழுதிக்கொள்கிறார். டோக்கன் 17 சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கிறார். ஊசி இறங்குகிறது. சாம்பல் மூடிக் குழாய், இன்றைய சர்க்கரைக்கு. ஊதா மூடிக் குழாய், மூன்று மாத சர்க்கரைக்கு. இரண்டிலும் ஒரே சிவப்பு.

"எப்பவும் சாப்பிடுற மாதிரியே சாப்பிடுங்க. மாத்திரையும் போட்டுக்கங்க. சரியா ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க."

மாடிப்படியின் கீழே டப்பா திறக்கிறது. மணி 7.15. மூன்று இட்லி சாப்பிடுகிறார். நான்காவது டப்பாவிலேயே இருக்கிறது. மனைவி அதைப் பார்க்கிறார். மூடியை அழுத்திச் சாத்துகிறார்.

சக்கர நாற்காலி ஒன்று வருகிறது. தள்ளி வருபவன் மகனாக இருக்க வேண்டும். அதே மூக்கு. நாற்காலியில் இருப்பவரின் வேட்டி இடது முழங்காலுக்குக் கீழே மடித்துச் செருகப்பட்டிருக்கிறது.

17 தூணைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நிற்கிறார். இப்போது நாற்காலிக்கும் அவருக்கும் நடுவில் தூண்.

"இவரோட அண்ணனுக்குப் போன வருஷம்..." என்று மனைவி தொடங்குகிறார். அவருடைய கை தன் முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு இழுக்கிறது. வாக்கியம் அதோடு நிற்கிறது. பக்கத்தில் இருப்பவர் தலையசைக்கிறார்.

8.10. கவுன்டரில் கண்ணாடி. கண்ணாடியில் வட்டமாக ஒரு துளை. துளைக்குப் பின்னால் மைக்.

"டோக்கன் 17. ஃபாஸ்டிங் 178. என்ன சார், ஏறியிருக்கு? கல்யாண வீடா?"

ஹாலில் எட்டுப் பத்துத் தலைகள் திரும்புகின்றன. 17 கவுன்டருக்குப் போகிறார். "இல்லம்மா" என்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு தூணுக்குத் திரும்புகிறார். மனைவியின் கை பைக்குள் போய் நோட்டைப் பிடித்துக்கொள்கிறது.

8.30. ஆலோசகர் வருகிறார். சின்ன வயதுப் பெண். கையில் படங்கள் உள்ள அட்டைகள். முதல் அட்டையில் இட்லி இல்லை, சோறு இல்லை. பழுப்பு நிறத்தில் கல்லீரல்.

"ராத்திரி பட்டினி கிடந்தீங்க. அப்புறம் காலையில சர்க்கரை எங்கேருந்து வந்துச்சு? இங்கேருந்து" என்று படத்தில் விரல் வைக்கிறார். "மிச்சம் பிடிச்ச சர்க்கரையைக் கல்லீரல் சேத்து வச்சிருக்கும். பயம் வந்தா அட்ரினலின், கார்ட்டிசால் ரெண்டும் சுரக்கும். கிடங்கைத் திறன்னு அதுங்க சொல்லும். ஓடுறதுக்கும் அடிக்கிறதுக்கும் உடம்பு தயாராகுது. நாம ஓடலை. டோக்கனை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். வந்த சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது. இன்சுலினும் அந்த நேரம் சரியா வேலை செய்யாது."

ஒருவர் தன் வயிற்றின் வலது பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறார்.

"1911. அமெரிக்காவுல வால்டர் கேனன்னு ஒரு டாக்டர். பூனையைக் கூண்டுல அடைச்சாங்க. பக்கத்துல ஒரு நாய் குரைக்குது. பூனையால ஓட முடியலை. கொஞ்ச நேரத்துல பூனையோட யூரின்ல சர்க்கரை. அதுக்கு யாரும் லட்டு குடுக்கலை."

ஹால் சிரிக்கிறது. சக்கர நாற்காலிக்காரரும் சிரிக்கிறார்.

"அப்புறம் ஹார்வர்டு காலேஜ் ஃபுட்பால் டீம். 1913 சீசன், கடைசி மேட்ச். ஆட்டம் முடிஞ்சதும் 25 பேருக்கு டெஸ்ட். 12 பேருக்கு யூரின்ல சர்க்கரை. அந்தப் பன்னெண்டுல அஞ்சு பேர் மைதானத்துலயே இறங்கலை. பெஞ்சுல உக்காந்திருந்தவங்க."

இந்த முறை சிரிப்பு இல்லை. ஸ்டீல் பெஞ்சு ஒன்று கிரீச்சிடுகிறது. தூணுக்குப் பின்னாலிருந்து 17-இன் தலை வெளியே வருகிறது.

"அதுக்காக எல்லாம் பயத்தாலதான்னு மாத்திரையை விட்டுடாதீங்க. மூணு மாச சுகர் எதுக்கு? சிவப்பணுவுக்கு ஆயுசு 120 நாள். அதுல ஒட்டியிருக்கிற சர்க்கரை இன்னிக்குக் காலையில வந்தது மட்டும் இல்லை. வீட்டுல எழுதி வச்ச நோட்டு இருந்தா, டாக்டர்கிட்ட காட்டுங்க."

மனைவி நோட்டை வெளியே எடுத்து மடியில் வைக்கிறார்.

9.15. மறுபடி ஊசி. மறுபடி காலண்டர். மறுபடி தூண்.

10.50. டாக்டரின் அறை. ஐம்பது வயதுப் பெண்மணி. மேஜையில் சீட்டு. வெறும் வயிறு 178. சாப்பிட்ட பிறகு 214. மூன்று மாத சர்க்கரை 6.8.

17 நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து விடுபவர்போல.

டாக்டர் சீட்டைப் பார்க்கிறார். நோட்டைப் புரட்டுகிறார். பின்னோக்கிப் புரட்டுகிறார். பேனா மூன்று இடங்களில் நிற்கிறது. 165. 171. 163. மூன்றையும் வட்டமிடுகிறார். மூன்றுக்கும் பக்கத்தில் கண்டக்டரின் எழுத்தில் ஒரே சொல். ஆஸ்பத்திரி.

"இந்த மூணும் இங்க வர்ற நாள்" என்கிறார் டாக்டர். "மத்ததெல்லாம் நீங்க வாழ்ற நாள்."

17 நோட்டை எட்டிப் பார்க்கிறார். தன் கையெழுத்தையே முதல் முறையாகப் பார்ப்பதுபோல.

"அடுத்த தடவை மீட்டரை எடுத்துட்டு வாங்க. லேப்போட ஒத்துப் பாப்போம். இப்ப செருப்பைக் கழட்டுங்க."

செருப்பு கழல நேரமாகிறது. வலது கால். இடது கால். இரண்டும் கழுவி, துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிய பாதங்கள். டாக்டரின் கையில் மீன் தூண்டில் நரம்புபோல ஒரு நைலான் இழை.

"கண்ணை மூடிக்கங்க. தொட்டா சொல்லுங்க."

இழை பெருவிரலில் படுகிறது. வளைகிறது.

"தெரியுது."

முன்பாதம்.

"தெரியுது."

சுண்டுவிரலின் அடி.

"தெரியுது."

குரல் ஒவ்வொரு முறையும் சற்று மேலே வருகிறது. மனைவியின் உதடுகளும் அசைகின்றன. சத்தம் இல்லாமல். தெரியுது. தெரியுது.

"காலு நல்லாருக்கு" என்கிறார் டாக்டர்.

17 கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய தோள்கள் இறங்குகின்றன. முதுகு நாற்காலியின் சாய்மானத்தைத் தொடுகிறது.

சிஸ்டர் மறுபடி பிரஷர் பார்க்கிறார். 134-க்கு 82. டாக்டர் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதுகிறார். எதையும் அடிக்கவில்லை.

மாத்திரை அதேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து. அட்டையில் தேதி எழுதப்படுகிறது. 17 அதை வாங்கிச் சட்டைப் பையில் வைக்கிறார். பையின் பொத்தானைப் போடுகிறார். போட்டதைத் தடவிப் பார்க்கிறார்.

11.15. ஹால். ஸ்டீல் பெஞ்சு. காலையிலிருந்து முதல் முறையாக அதில் உட்காருகிறார். பக்கத்தில் சக்கர நாற்காலி. இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்கிறார்கள்.

விரலிடுக்கில் டோக்கன் இன்னும் இருக்கிறது. வியர்வையில் மஞ்சள் சாயம் தோலில் இறங்கியிருக்கிறது. மனைவி டப்பாவைத் திறந்து நீட்டுகிறார். நான்காவது இட்லி. விளிம்பு காய்ந்திருக்கிறது. அவர் பிட்டுப் பிட்டுச் சாப்பிடுகிறார்.

கண்ணாடித் துளைக்குப் பின்னால் மைக் கரகரக்கிறது.

"டோக்கன் 23. சாப்பிட்டப்புறம் 246. என்னம்மா, என்ன சாப்பிட்டீங்க?"

மூலையில் ஒரு பெண் எழுந்து நிற்கிறார். முந்தானை நுனியை விரலில் சுற்றுகிறார். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

தலைகள் திரும்புகின்றன. 17 திரும்பவில்லை. இட்லியைக் கையில் பிடித்தபடி, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார்.