பொதிகைக்குப் போக பாஸ் கிடைக்கவில்லை

நெல்லைக்காரருக்குப் பொதிகை கண்ணெதிரே நிற்கிற மலை. ஏறவேண்டுமென்றால் மட்டும் திருவனந்தபுரம் சுற்றிப் போகவேண்டும்! காரையாறு அணையைப் படகில் கடந்து, பாணதீர்த்தம் வழியாக மேலே போன பழைய பாதை இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

மிச்சமிருப்பது கேரளத்துப் போனக்காடு வழி. மலையின் உயரம் 1,868 மீட்டர். ஜனவரியில் ஆன்லைன் பதிவு திறந்ததுமே இடம் தீர்ந்துவிடும். பெண்களுக்கு அதுகூட இல்லாமல் இருந்தது. 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் அவர்களையும் விடச் சொன்ன பிறகுதான், 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சி தொட்டார்.

பாளையங்கோட்டை நண்பர் ஒருவருக்கு இரண்டு வருஷமாக பாஸ் கிடைக்கவில்லை. சும்மா இருக்கிற ஆளா அவர்? மலை இல்லாவிட்டால் ஆறு என்று பாபநாசத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். தாமிரபரணிக் கரையோடே போய், புன்னைக்காயலில் கடலைப் பார்ப்பதாகத் திட்டம். கல்லிடைக்குறிச்சியில் செருப்பு வார் அறுந்தது. சேரன்மகாதேவியில் மழை பிடித்துக்கொண்டது.

அங்கே படித்துறை மண்டபத்தில் ஒதுங்கியபோதுதான், அட்டைக்கடிக்கென்று ஜனவரியில் கட்டிய உப்புப் பொட்டலம் பைக்குள் அப்படியே இருப்பதைப் பார்த்தார். பிரித்து, கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கொண்டார்.