ரீச்சருக்கு எவ்வளவு குடுக்க வேணும்?

கனடாவுக்கு வந்த முதல் மார்கழியில் எங்களைக் குழப்பியது குளிர் இல்லை. மகளின்ர ரீச்சருக்கு என்ன குடுக்கிறது என்பதுதான். ஒன்ராறியோவில் பிள்ளைகள் நாலு வயதிலேயே பள்ளிக்கூடத்துக்குள் இருக்கும் கிண்டர்கார்டனுக்குப் போகத் தொடங்கிவிடுவார்கள். கிறிஸ்மஸ் விடுமுறை நெருங்க, அவர்களின் பைகளுக்குள் சின்னச் சின்னப் பரிசுகளும் போகும். யாரும் கேட்பதில்லை, கட்டாயமும் இல்லை. "இருபது டொலருக்குக் குறைஞ்சால் மரியாதை இல்லை" என்றார் ஸ்காபரோவில் தெரிந்த ஒரு அக்கா. நாங்கள் வந்து நாலு மாதம்தான். வாடகைக்கே எண்ணி எண்ணி எடுத்து வைத்த காலம்.

ரீச்சருக்குக் குடுப்பது எங்களுக்குப் புதிசில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கேக்க வெற்றிலையில் காசு வைத்துக் குடுத்து, காலில் விழுந்து வளர்ந்தவர்கள் நாங்கள். எவ்வளவு வைத்தது என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் ஒக்ரோபர் 6, ஆசிரியர் தினத்துக்கு வகுப்பில் காசு சேர்த்ததும் நினைவிருக்கு. குடுக்க வழியில்லாத பிள்ளை அண்டைக்குப் பள்ளிக்கூடமே வராது. அதனால் ஊரில் எல்லாம் அன்பு, இங்கே எல்லாம் காசு என்று பிரித்துச் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் நினைத்தது கஜு போட்ட லட்டு. அது சரிவராது. சாப்பாட்டு ஒவ்வாமையால் 13 வயதில் இறந்த மாணவி ஒருத்தியின் பெயரில் ஒன்ராறியோவில் சப்ரினா சட்டம் என்று ஒன்று 2006 முதல் நடைமுறையில் இருக்கு. கச்சானும் கஜுவும் உள்ளே வரவே கூடாது என்று சொல்லும் பள்ளிக்கூடங்கள் இங்கே நிறைய.

அடுத்த கேள்வி, யாருக்குக் குடுப்பது? வகுப்பில் இரண்டு பேர். ஒருவர் ரீச்சர். மற்றவர் சிறுபிள்ளைக் கல்வி படித்தவர், 'ஈ.சீ.ஈ.' என்பார்கள். சம்பளமும் குறைவு, பரிசு வாங்கும்போது அவரை மறந்துபோகிறவர்களும் உண்டு. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பனிச்சட்டையும் சப்பாத்தும் கையுறையும் மாட்டி வெளியில் விளையாட விடுவதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கு.

எங்கட மகள் ஒரு சொல் இங்கிலீசும் தெரியாமல் போனவள். முதல் கிழமை முழுக்க அழுகை. அந்த ஈ.சீ.ஈ. தான் எங்களிட்டைக் கேட்டு, 'தண்ணி', 'ஒண்டுக்கு', 'அம்மா வருவா' என்ற மூன்றையும் இங்கிலீஸ் எழுத்தில் எழுதித் தன்ர அலுமாரியில் ஒட்டி வைத்தவர். அதுக்கு என்ன விலை போடுவது?

கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே அளவாக, ஐந்து டொலர் ரிம் ஹோட்டன்ஸ் காட் வாங்கினோம். கூடவே மகள் கீறிய படம். அதன் பின்பக்கம் எங்கட அரைகுறை இங்கிலீசில், ஒவ்வொருவரும் மகளுக்குச் செய்ததை எழுதினோம். ஈ.சீ.ஈ.க்குக் குடுத்ததில் மகளே தமிழில் 'தண்ணி' என்று எழுதினாள். 'ண்'ணுக்குச் சுழி ஒன்று கூடிப்போச்சு.

இதே கேள்வியோடு நிக்கிறவைக்கு எங்களிட்டை இருப்பது இவ்வளவுதான். ஒருத்தரையும் விடாதேங்கோ. பிள்ளைக்கு அவை செய்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கோ. காசு இருந்தால் வையுங்கோ. இல்லாட்டிக் கடிதத்தை மட்டும் அனுப்புங்கோ. பிள்ளையை மட்டும் அண்டைக்கு வீட்டில மறிக்காதேங்கோ.