அச்சில் வந்தால்

"பேப்பரிலேயே போட்டிருக்கிறதே!" என்று ஒருவர் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் வாக்குவாதம் முடிந்துவிடும். நானும் அப்படி நம்பி வளர்ந்தவன்தான். ஒரு சமயம் என் நண்பர் ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் அவதூறாகச் செய்தி வந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டேன். செய்தி தவறு என்று நாலு நாள் கழித்து உள்பக்கத்து மூலையில் இரண்டு வரி வந்ததாம். அது என் கண்ணில் படவில்லை.

புகைப்படங்களை வெட்டி ஒட்டிச் சித்திரம் செய்தவர் ஜெர்மானியரான ஜான் ஹார்ட்ஃபீல்டு. 1930இல் வந்த அவருடைய படம் ஒன்றைப் பார்த்தபோது அந்த நண்பர் நினைவு வந்தது. படத்தில் ஒரு மனிதன், முகமே தெரியவில்லை. முட்டைக்கோசு இலைகளைப் போலப் பத்திரிகைத் தாள்கள் தலையைச் சுற்றி மூடியிருக்கின்றன. பெர்லினில் அன்று விற்ற 'ஃபோர்வெர்ட்ஸ்', 'டெம்போ' பத்திரிகைகள்தாம் அவை. முதலாளித்துவப் பத்திரிகைகளைப் படிப்பவன் குருடாவான், செவிடாவான் என்கிறது படம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் படமும் ஒரு பத்திரிகையில்தான் வந்தது: 'ஏ.ஐ.இஸட்.' என்ற கம்யூனிஸ்டு வாரப் பத்திரிகையில்! தாம் படிக்கிற தாள் மட்டும் கண்ணை மறைக்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. எழுதிப் பிழைக்கிற எனக்கும் அது உண்டு.

வெகுநாள் கழித்து நண்பரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதானே, ஐயா?" என்றார்.