தட்டு காலியானால்தான் குணமா?

எங்க திண்ணனூர் நாட்டுல ஒருத்தர் தேறிட்டார்னு சொல்ல ஒரே அளவுகோல்தான்: எவ்வளவு சாப்பிடுறார்? அதனால்தான் கணைய ஆபரேஷன் முடிந்து வந்த எங்க அண்ணனைப் பார்த்து சொந்தக்காரங்க மிரண்டுட்டாங்க. நாலு வாய் சாமைச் சோறு உள்ளே போனதும், "போதும்பா, நெஞ்சு வரைக்கும் நிக்குது"ன்னு தட்டைத் தள்ளிடுவார். நோய் திரும்பிடுச்சோன்னு அண்ணிக்குத் தூக்கமே இல்லை.

விஷயம் வேற. அண்ணனுக்குச் செய்தது விப்பிள் ஆபரேஷன். அமெரிக்க மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. கணையத்தின் தலைப்பகுதி, அதை ஒட்டிய முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் கொஞ்சம் எல்லாம் எடுத்துடுவாங்க. மிச்சக் கணையம், பித்தக்குழாய், இரைப்பை மூன்றையும் அடுத்துள்ள சிறுகுடலோடு தைச்சு இணைப்பாங்க.

அந்த முன்சிறுகுடல் வெறும் குழாய் இல்லைங்க. வயிறு காலியாக இருக்கும்போது சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் அலை கிளம்பி, மிச்சம் மீதியைக் குடலில் தள்ளிக்கொண்டு போகும். அந்த அலையைத் தூண்டும் மோட்டிலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் சுரக்கிறது. அது போனதும் இரைப்பை மந்தமாகிறது. உள்ளே கசிவோ சீழோ இருந்தால் இன்னும் மந்தம். எரித்ரோமைசின் என்ற பழைய மாத்திரை மோட்டிலின் போலவே வேலை செய்வதால், சிலருக்கு அதைத் தருகிறார்கள். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும்.

சிலருக்கு நேர்மாறு. இரைப்பையின் வாசலையும் எடுத்திருந்தால், சாப்பாடு மளமளன்னு இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு வரலாம். கணையச் சாறு குறைந்தால் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கும். அதற்குச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க நொதி மாத்திரை உண்டு.

இப்போ வீட்டில் மூணு வேளைச் சாப்பாடு ஆறு வேளையாகிவிட்டது. குழைய வேகவைத்த சாமைக் கஞ்சி, கொஞ்சம் முட்டை. சாப்பிட்டதும் படுக்காமல் காப்பித் தோட்டம் வரை மெல்ல நடை. எடையை வாரம் ஒருமுறை அண்ணி நோட்டில் எழுதுகிறார். "இன்னும் ரெண்டு வாய்"னு யாரும் கெஞ்சுவதில்லை.

உங்க வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க. ஆனால் விடாத வாந்தி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள், தொடர்ந்து எடை இறங்குவது இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காதீங்க. எழுபது கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அன்றைக்கே இறங்கிடணும்.