கடல் முகட்டில் ஒரு கேள்வி

2022 இறுதியில் மெல்பர்னிலுள்ள என் தம்பியைக் காணச் சென்றிருந்தேன். ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் 'கிரேட் ஓஷன் ரோடு' வழியே அழைத்துச் சென்றான். முதல் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர்கள் 1919 முதல் 1932 வரை அமைத்த சாலை அது. ஈஸா நபி (அலை) அவர்களின் பன்னிரு ஹவாரிகளின் பெயரால் வழங்கும் சுண்ணாம்புக்கல் தூண்களை எண்ணினேன், எட்டே நின்றன. 2005இல் ஒன்று கடலில் சரிந்ததாம். (பன்னிரண்டு என்றுமே இருந்ததில்லை என்பது வேறு செய்தி!) அங்கேயே புல்தரையில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம்.

அடுத்து லாக் ஆர்டு பள்ளத்தாக்கு. 1878 ஜூனில் 'லாக் ஆர்டு' கப்பல் பாறையில் மோதி உடைய, 54 பேரில் இருவரே பிழைத்தனர். ஒருவன் டாம் பியர்ஸ் என்னும் இளம் மாலுமி. மற்றவள் ஈவா கார்மைக்கேல். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் ஒரே நாளில் இழந்தவள் அவள். அவளுடைய தாயின் கபுறு அம்முகட்டிலேயே உள்ளது.

தம்பி அங்கு நெடுநேரம் நின்றான். 2021இல் உம்மா வஃபாத்தானபோது நாட்டின் எல்லைகள் மூடிக் கிடந்தன. அவனால் வர இயலவில்லை. அதையறிந்தும் தொலைபேசியில் நான் கடிந்து பேசியிருந்தேன். அதன்பின் உம்மாவைப் பற்றி நாங்கள் பேசியதேயில்லை.

"காக்கா, உம்மாவை மையவாடியில் எந்தப் பக்கம் அடக்கினீர்கள்?"

வழிகாட்டி பேருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தார். "வாப்பாவுக்குப் பக்கத்தில்தான், வேப்பமரத்தடியில்" என்றேன். குளிப்பாட்டியவர் யார், கஃபன் துணி யார் வாங்கியது என்று மெல்பர்ன் வரை கேட்டுக்கொண்டே வந்தான்.